வெடியுப்பில் கறியுப்பு எவ்வளவு? பழைய சோதனைகளைத் திருகோணமலை வெக்கையில் செய்யும் முறை

வெடியுப்பு விற்றவனும் வாங்கியவனும் பிணக்குப்பட்டது பெரும்பாலும் ஒரே கேள்விக்காகத்தான்: மூட்டையில் கறியுப்பு எவ்வளவு? மண்ணைக் கழுவி, அந்த நீரைக் காய்ச்சி, ஆறவிட்டு எடுக்கிற சரக்குத்தான் வெடியுப்பு, வெடிமருந்துக்கு வேண்டிய பொற்றாசியம் நைத்திரேற்று. ஆகவே சாதாரண உப்பும், கல்சியம் மகனீசியம் உப்புகளும், ஈரமும், சிறிது மண்ணும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். இவை எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு எத்தனை என்று பார்த்து, அதை நிறையில் கழித்துவிட்டுத்தான் விலை பேசினார்கள். ஆங்கில வணிகர் அதை 'ரிஃப்ராக்ஷன்' என்றனர். நம் கடைத்தெருப் பேச்சில் கழிவு. ஆண்டுக்கு 500 தொன் வெடியுப்பு அரசுக்குத் தரவேண்டும் என்று 1693ஆம் ஆண்டுப் பட்டயம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு நிபந்தனை போட்டது. 500 தொன்னில் நூற்றுக்கு 5 கழிவென்றால் 25 தொன் வெறும் அழுக்கு. கப்பற்கூலி அதற்கும் சேர்த்துத்தான்.

திருகோணமலைக்கு இது அந்நியமான கணக்கல்ல. 1624இல் போர்த்துக்கீசர் கட்டிய கோட்டை 1639இல் ஒல்லாந்தரிடம் போனது. 1782இல் மட்டும் ஜனவரியில் ஆங்கிலேயர், ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் என ஒரே ஆண்டில் இருமுறை கைமாறியது. இப்படிப்பட்ட துறைமுகத்தில் வெடிமருந்து இருந்தால் மட்டும் போதாது, மாரிக்கு நமுத்துப் போகாமலும் இருக்கவேண்டும். நல்ல வெடியுப்பு இலகுவில் ஈரம் இழுக்காது. அதிலிருக்கும் கலப்புத்தான் இழுக்கும்.

கீழே வருபவை 16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வழங்கிய தூய்மைச் சோதனைகள். பாடசாலை ஆய்வுகூடத்தில் உயர்தர மாணவர் ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யக்கூடிய அளவுகளில் தருகிறோம். சோதனை மட்டுமே, வெடிமருந்து செய்யும் வேலை இதில் இல்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பழைய நூல்களில் உள்ள எண்கள் குளிர்நாட்டு அறைகளில் எடுத்தவை. 30 பாகை வெக்கையில் அவற்றை அப்படியே எடுத்தால் கணக்குப் பிசகும். ஏன் என்பது கழுவற் சோதனையில் தெரியும்.

எடுத்து வைக்க வேண்டியவை

பொற்றாசியம் நைத்திரேற்று ஏறத்தாழ 150 கிராம். கடை கடையாகத் தேடித் திரிய வேண்டாம். கட்டுப்பாடுள்ள பொருள் அது. பொறுப்பாசிரியர் பதிவேட்டில் எழுதி ஆய்வுகூட இருப்பிலிருந்து எடுத்துத் தரட்டும். 0.01 கிராம் காட்டும் தராசு, 0.5 பாகையாவது பிரித்துக் காட்டும் வெப்பமானி, முகவைகள், வடிதாள், புனல், கைவில்லை, நன்றாகச் சுட்ட உலர்ந்த செங்கல் ஒன்று. காய்ச்சி வடித்த நீர் 3 லீற்றர். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் சிறிது, ஐதான நைத்திரிக்கமிலம் சிறிது.

நீர் விடயத்தில் சமரசம் வேண்டாம். கடலோரக் கிணற்று நீரில் வெள்ளி நைத்திரேற்றை விட்டால் உப்பே போடாமல் பால்போல் வெளுக்கும். கொதிக்கவைத்தால் சரியாகும் என்று சிலர் நினைப்பார்கள். குளோரைட்டு ஆவியாகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். சூடாகவே ஊறினாலும் கன்னியா வெந்நீரூற்றில் வருவதும் நிலத்தடி நீர்தான்.

முன்கூட்டியே அளவு தெரிந்த கலப்பு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். தெரியாத சரக்கில் நேரே கைவைத்தால் சோதனை பிழைத்ததா, சரக்குப் பிழையா என்று பிரித்தறிய முடியாது. 47.5 கிராம் தூய வெடியுப்போடு 2.5 கிராம் கல்லுப்பு சேர்த்தால் 5% கலப்பு. நிலாவெளிப் பக்கத்து உப்பள உப்பு, அரித்துத் தூளாக்காத கரடுமுரடான உப்பாகவே கிடைத்தால் நல்லது. அதில் மகனீசியம் கொஞ்சம் ஒட்டியிருக்கும், பழைய கலப்புக்கும் அது கிட்ட வரும். இரண்டையும் தனித்தனியே 105 பாகையில் இரண்டு மணிநேரம் உலர்த்தி, சுத்தமான பீங்கான் உரலில் தனித்தனியே பொடித்து, பிறகு ஒன்றாகக் கலக்கவும். வீட்டு அம்மியும் உரலும் வேண்டாம். அவற்றில் ஒட்டியிருக்கும் எண்ணெய், சர்க்கரை, மிளகாய்த்தூள் எதுவும் நைத்திரேற்றோடு சேரக்கூடாது.

கண்ணும் நாக்கும்

பழைய காலத்தவர் முதலில் நாக்கில்தான் வைத்தார்கள். வெடியுப்புச் சில்லென்று குளிர்ந்து சற்றே கைக்கும், கறியுப்புக் கரிக்கும். நாக்குச் சொன்னது பொய்யல்ல. வெடியுப்புக் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும். நாம் நாக்குக்குப் பதில் வெப்பமானியை வைப்போம். வெப்பம் கடத்தாத நுரைப்பஞ்சுக் கிண்ணத்தில் 100 மில்லிலீற்றர் நீர் எடுத்து, அதில் 10 கிராம் வெடியுப்பை ஒரேயடியாகக் கொட்டிக் கலக்கினால் வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை இறங்கும். அதே அளவு கறியுப்புப் போட்டால் ஒரு பாகை, மிஞ்சினால் ஒன்றரை. ஆனால் 5% கலப்பைத் தூயதிலிருந்து பிரிக்க இது உதவாது, இரண்டுக்கும் வித்தியாசம் அரைப் பாகைக்குக் குறைவு. போத்தலில் இருப்பது வெடியுப்பா, அல்லது யாரோ மாற்றி ஊற்றிவைத்த வேறு உப்பா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

துளிச் சோதனை அதைவிட நல்லது. கலப்பில் அரைக் கிராமை ஒரு மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரில் கரைத்து, ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் காயவிடவும். முதலில் நீண்ட ஊசிகள் ஓடும், நெடுக்குவாட்டில் வரிவரியாகப் பள்ளம் தெரியும். அது வெடியுப்பு. கடைசி ஈரம் வற்றும்போது ஓரத்தில் குட்டிச் சதுரப் பெட்டிகள் தோன்றினால் அது கறியுப்பு. கைவில்லை போதும். விசிறியின் கீழ் வைத்தால் துளி வேகமாகக் காய்ந்து எல்லாம் ஒரே தூளாகிவிடும், உருவம் தெரியாது. மூடிய அலுமாரிக்குள் வைத்து மெதுவாகக் காயவிடுங்கள்.

தணலில் போட்டுப் பார்ப்பது ஐரோப்பாவில் எங்கும் இருந்த பழக்கம். சுத்தமான வெடியுப்புச் சீறி எரியும், கறியுப்புக் கலந்திருந்தால் படபடவென்று வெடித்துத் தெறிக்கும், பின்னர் உப்பு மிஞ்சும். அதைச் செய்யாதீர்கள். கண்ணுக்கு ஆபத்து என்பது ஒருபுறம். கலப்பு எத்தனை வீதம் என்று அந்தச் சீறலிலிருந்து யாராலும் சொல்ல முடியாது என்பது மறுபுறம்.

ஈரச் சாடி

பழைய களஞ்சியக்காரர் சாக்கை மாரி இரவில் திறந்துவைத்துக் காலையில் தொட்டுப் பார்த்தால் கிடைக்கும் தகவலை, எந்தப் பருவத்திலும் எடுக்க ஒரு வழி இருக்கிறது. அகன்ற வாய்ப் போத்தலின் அடியில் கறியுப்பைச் சிறிது நீர்விட்டுக் குழைத்துச் சேறாக வையுங்கள், கரையாத உப்புக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூடினால் உள்ளே காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75% ஆக நிற்கும். அதற்குமேல் ஒரு தாங்கியில் தூய வெடியுப்பு 2 கிராம், கலப்பு 2 கிராம் என இரு கடிகாரக் கண்ணாடிகளை நிறுத்து வைத்து, இறுக மூடி ஒருநாள் விடவும்.

தூய வெடியுப்புக் காற்றில் ஈரம் 92%ஐத் தாண்டினால்தான் தண்ணீர்விடும், ஆகவே நிறை மாறாது. கலப்பு கசியத் தொடங்கியிருக்கும். இரண்டு உப்புகள் ஒன்றாக இருந்தால் தனித்தனியே இருப்பதைவிடக் குறைந்த ஈரத்திலேயே இளகும். அதோடு மகனீசியம் குளோரைட்டு 33% ஈரத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கும். ஆகவே இந்தச் சோதனை கறியுப்பைவிடக் கசப்புப்புகளை, அதாவது கல்சியம் மகனீசியம் உப்புகளைத்தான் கூர்மையாகப் பிடிக்கும். தூய மாதிரியே நனைந்திருந்தால் சாடியின் மூடியில் நீர் துளிர்த்துச் சொட்டியிருக்கிறது. வெயில் படும் யன்னலோரத்திலிருந்து சாடியை எடுத்து, உள்ளறையில் மறுபடி வையுங்கள்.

சாம்பல் நீர்

கல்சியமும் மகனீசியமும் இருக்கிறதா என்று நேரே பார்க்க மிக மலிவான வழி இது. தேங்காய்ப் பொச்சை எரித்த சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று நிறைய உண்டு. ஒரு கைப்பிடிச் சாம்பலை 200 மில்லிலீற்றர் நீரில் கலக்கி, ஓர் இரவு தெளியவிட்டு வடிக்கவும். தெளிந்த அந்த நீரில் சில துளிகளை வெடியுப்புக் கரைசலில் விட்டால், வெண்மேகம் எழுந்தால் கல்சியமோ மகனீசியமோ இருக்கிறது. தெளிவாகவே நின்றால் இல்லை. வெடியுப்புக் காய்ச்சியவர்கள் சாம்பலைச் சேர்த்ததும் இதற்குத்தான்: வேண்டாத காபனேற்று அடியில் படியும், நைத்திரேற்றுப் பொற்றாசியத்தோடு சேர்ந்து மேலே கரைசலில் நிற்கும். சிரியாவில் ஹசன் அல்-ரம்மா 13ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவைத்தார். 1816 முதல் 1820 வரை இலங்கையில் இராணுவ மருத்துவராக இருந்த ஜோன் டேவி மலைநாட்டுக் குகைகளின் வெடியுப்பு மண்ணைப் பகுத்தபோது, பொற்றாசியம் நைத்திரேற்றோடு மகனீசியம் நைத்திரேற்றையும் கண்டார். நம் நாட்டுச் சரக்கில் இந்தச் சோதனையைத் தவறவிடக்கூடாது என்பதற்கு அது போதும்.

பொச்சுச் சாம்பலில் குளோரைட்டும் உண்டு. சாம்பல் நீர் பட்ட கரைசலைக் கீழே வரும் வெள்ளிச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

கழுவற் சோதனை

எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமானது இதுதான். இரசாயன அறிஞர் லவாசியே 1775இலிருந்து பணியாற்றிய பிரெஞ்சு வெடிமருந்து நிர்வாகத்தில் ரிஃபோ என்பவரின் பெயரோடு வழங்கியது. எண்ணம் எளிது. வெடியுப்பால் ஏற்கெனவே நிரம்பிவிட்ட கரைசலால் சரக்கைக் கழுவினால், மேலும் வெடியுப்பைக் கரைக்க அதில் இடமில்லை, கறியுப்பைக் கரைக்க இடமுண்டு. அழுக்கு போகும், சரக்கு நிற்கும். உலர்த்தி நிறுத்தால் குறைந்தது எவ்வளவோ அதுதான் கழிவு.

முதல்நாள் மாலை 100 கிராம் நீரை 45 பாகைக்குச் சூடாக்கி 55 கிராம் தூய வெடியுப்பைக் கரைத்து, மூடி, ஒரு பெரிய பேசின் தண்ணீரில் முகவையை நிறுத்திவிட்டு இரவு முழுதும் விடவும். காலையில் அடியில் பளிங்குகள் கிடக்க வேண்டும். அவை இருந்தால்தான் கரைசல் நிரம்பியது என்று நம்பலாம். தூய வெடியுப்பு 20 கிராமும் கலப்பு 20 கிராமும் இரண்டு முகவைகளில் அதே பேசினுக்குள் அதே இரவு இருக்கட்டும். கழுவும் கரைசல், சரக்கு, முகவை, கண்ணாடிக்கோல் எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வரவேண்டும்.

காலை 6 மணியளவில், வெயில் ஏறுமுன், ஒவ்வொன்றுக்கும் 25 மில்லிலீற்றர் நிரம்பிய கரைசலை விட்டுப் பேசினுக்குள் வைத்தபடியே கால் மணிநேரம் கலக்கவும். தெளியவிட்டு மேல்நீரை வடிதாளில் ஊற்றவும். மறுபடி 15 மில்லிலீற்றர் விட்டுக் கலக்கி, இம்முறை எல்லாவற்றையும் வடிதாளுக்கு மாற்றவும். சொட்டுவது நின்றதும் தாளோடு தூக்கிச் செங்கல்லின்மேல் விரிக்கவும். செங்கல் மிச்ச நீரை உறிஞ்சும், பழைய பரிசோதகர் இதற்குச் சாம்பல் படுக்கையைப் பயன்படுத்தினர். சில மணிநேரம் கழித்துப் பளிங்குகளைத் தாளிலிருந்து சுரண்டிக் கடிகாரக் கண்ணாடிக்கு மாற்றி, 105 பாகையில் உலர்த்தி நிறுக்கவும்.

தூயதில் 20.30 கிராமும் கலப்பில் 19.40 கிராமும் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.90, அதை 20ஆல் வகுத்தால் கழிவு 4.5%. தூயது 20க்கு மேல் போனதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வடிதாளில் தங்கிய கரைசல் உலரும்போது தன் வெடியுப்பை அங்கேயே விட்டுப் போகிறது, ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 0.38 கிராம். அதற்காகத்தான் தூயதைக் கூடவே ஓட்டுகிறோம். இந்த ஒப்புமை இல்லாமல் கலப்பை மட்டும் கழுவி வந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை என்பது எங்கள் கருத்து.

இனி வெக்கைக்கு வருவோம். 100 கிராம் நீரில் கரையும் வெடியுப்பு 10 பாகையில் 20.9 கிராம், 20இல் 31.6, 30இல் 45.8, 40இல் 63.9. கறியுப்போ எங்கும் 36ஐச் சுற்றியே நிற்கும். வெப்பம் ஏற ஏற வெடியுப்பின் கோடு செங்குத்தாகிறது. நாம் கழுவ எடுத்த 40 மில்லிலீற்றரில் நீர் ஏறத்தாழ 33 கிராம். 30 பாகைக்கு அருகே ஒரு பாகை கூடினால் அந்த நீர் இன்னும் அரைக் கிராம் வெடியுப்பைக் கரைத்துவிடும், 20 கிராமில் அது 2.5%. பாரிசில் 15 பாகையில் அதே ஒரு பாகைப் பிழை 2%க்கும் குறைவு. காலையில் 27 பாகையில் நிரம்பிய கரைசலை மதியம் 31 பாகையில் எடுத்துக் கழுவினால், மிகச் சுத்தமான சரக்குக்கூட நூற்றுக்கு 9, 10 கழிவென்று காட்டும். குளிரூட்டிய அறைக்குக் கொண்டுபோனால் எதிர்ப்பிழை: கரைசலிலிருந்து வெடியுப்பு இறங்கி, அழுக்குச் சரக்கும் அப்பழுக்கற்றதாகத் தோன்றும்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் இன்னொரு தொல்லை சேரும். திறந்த முகவையில் நீர் வேகமாக ஆவியாகி, விளிம்பில் வெள்ளை ஊசிகள் ஏறும். அந்த ஊசிகள் சரக்கோடு விழுந்தால் நிறை கூடும். கலக்காத நேரமெல்லாம் மூடி வையுங்கள், விசிறியை நிறுத்துங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு குருட்டுப் பக்கமும் உண்டு. கலப்பு கறியுப்பாக இல்லாமல் பொற்றாசியம் குளோரைட்டாக இருந்தால், கரைசலில் பொற்றாசியம் கூடி, வெடியுப்புக் கொஞ்சம் வெளியே தள்ளப்படும். சரக்கு உள்ளதைவிடச் சுத்தமாகக் காட்டும். அதைப் பிடிக்க வெள்ளி வேண்டும்.

வெள்ளிச் சோதனை

குளோரைட்டு எந்த உலோகத்தோடு வந்தாலும் வெள்ளி நைத்திரேற்று அதைக் காட்டிக்கொடுக்கும். கண்ணளவில் ஒப்பிடும் முறையே பாடசாலைக்குப் போதும்.

கலப்பில் 1.00 கிராமை 1 லீற்றர் நீரில் கரைக்கவும். வேறொரு போத்தலில் 0.10 கிராம் தூய கறியுப்பை 1 லீற்றரில் கரைக்கவும். ஒரே மாதிரியான ஆறு சோதனைக்குழாய்களை எடுத்து, முதலாவதில் கலப்புக் கரைசல் 5 மில்லிலீற்றர், அடுத்த நான்கில் உப்புக் கரைசல் முறையே 0.5, 1.5, 2.5, 3.5 மில்லிலீற்றர் விடவும். ஆறாவதில் வெறும் நீர். எல்லாவற்றையும் நீரால் 10 மில்லிலீற்றருக்கு நிரப்பி, ஐதான நைத்திரிக்கமிலம் 1 மில்லிலீற்றர், வெள்ளி நைத்திரேற்று 1 மில்லிலீற்றர் விட்டுக் கலக்கி, இருட்டில் 5 நிமிடம் வைக்கவும். பிறகு கறுப்புத் தாளின்மேல் நிறுத்தி மேலிருந்து கீழே பார்க்கவும். நான்கு ஒப்புக் குழாய்களும் 1, 3, 5, 7% கலப்புக்குச் சமம். உங்கள் குழாய் எதனோடு பொருந்துகிறதோ, அல்லது எந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறதோ, அதுவே விடை.

அமிலம் விட மறந்தால் காபனேற்றும் வெள்ளையாக இறங்கிக் கழிவைக் கூட்டிக் காட்டும். வெளிச்சத்தில் வைத்தால் வெள்ளை ஊதாவாகக் கறுக்கும், ஒப்பிட முடியாது. ஆறாவது குழாயே கலங்கினால் நீர் கெட்டது, அல்லது குழாயைக் குழாய்நீரில் அலசியிருக்கிறார்கள். வியர்த்த விரலால் வாயை அடைத்துக் குலுக்கினாலும் இதே கதி. இந்த ஊரில் கைவியர்வையின் உப்பு ஒன்றே 1% குழாயை ஏமாற்றப் போதும்.

வார்ப்பை உடைத்துப் பார்த்தவர்கள்

சுவீடன் முறையென்று ஒன்று இருந்தது. வெடியுப்பை உருக்கி மெல்லிய தட்டாக வார்த்து, ஆறியதும் உடைத்து, உடைந்த முகத்தைப் பார்ப்பது. தூயதென்றால் நீண்ட நார்கள் முகம் முழுதும் கதிராக ஓடும். 80இல் ஒரு பங்கு கறியுப்புச் சேர்ந்தாலே முகம் மணல்போல் கரகரக்கத் தொடங்கும். 40இல் ஒன்றானால் நடுவில் கதிரற்ற பட்டை தெரியும். 30இல் ஒன்றானால் ஓரங்களில் மட்டுமே கதிர் எஞ்சும். கண்ணை மட்டும் நம்பி 1.25% வரை இறங்கிய அந்தக் கூர்மை வியப்புத்தான். ஆனால் வெடியுப்பு உருகுவது 334 பாகையில். அந்தச் சூட்டில் ஒரு தும்பு, ஒரு காகிதத் துண்டு விழுந்தாலும் பற்றிக்கொள்ளும். பாடசாலையில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

வேலை முடிந்தபின்

வெடியுப்பில் ஊறி உலர்ந்த வடிதாள் பார்க்கச் சாதாரணத் தாள்தான், ஆனால் ஒரு பொறி பட்டால் அணையாமல் கனன்றுகொண்டே போகும். குப்பைக்கூடையில் போடாமல் இரண்டு முறை நீரில் அலசிப் பிழிந்து எறியவும். கழுவிய செங்கல்லையும் ஒருநாள் நீரில் ஊறவிடவும், அடுப்புக்கல்லாக அதை ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. வெள்ளி பட்ட நீர் தனிப் போத்தலில், பெயர் எழுதி ஆய்வுகூடத்தில் இருக்கட்டும். மற்றக் கழுவுநீரைப் பத்து மடங்கு நீர்த்துத் தென்னையடியில் ஊற்றலாம், கிணற்றிலிருந்து தள்ளி.